கேப்பைத் தாள் பரப்பிய சாலை

1939, தை மாதம், ஞாயிறு இரவு

திண்டிவனம் பந்தயத்துக்கு நாளை பெயர் கொடுக்க வேண்டும். ஓட்டம், சைக்கிள் இரண்டில் ஒன்றுதான். சிநேகிதன் கோவிந்தன் ஓடுகிறவன். "சைக்கிள்ல கால் மட்டும்தான்டா வேலை செய்யும். ஓடினா மொத்த ஒடம்பும் செய்யும்" என்பான். நான் ஒப்புக்கொண்டதில்லை. என் சைக்கிள் மாமனார் சீராகக் கொடுத்தது.

இன்று காலை விழுப்புரத்திலிருந்து அவன் ஓட, நான் மிதித்தேன். விக்கிரவாண்டிக்கு முன்னால், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று சாலை நெடுகக் கேப்பைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வேகமாக உள்ளே விட்டேன். தாள் சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. கதிரைக் கிளறிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"எறங்கித் தூக்கிக்கினு போங்க. மாட்டுவண்டிக்குப் போட்டதுங்க இது."

தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலடியில் மெத்தென்று இருந்தது. தாள் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தேன். "சைக்கிள எறக்குடா!" என்று பின்னாலிருந்து கோவிந்தன் கத்தியபோதுதான் தோளில் அது இருப்பதே நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் ருக்மணி தூங்குகிறாள். அவள் அப்பாவிடம் என்ன சொல்வது? கண்ணை மூடினால் கால்கள் மிதிக்கவில்லை. கேப்பைத் தாளின்மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன.