பாதிக்குப் பாதி

மார்ச் 4, செவ்வாய்

இன்று அம்மா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அதாவது, நான் வாங்கினேன்.

அப்பா அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பக்கத்தில் என் பள்ளிக்கூடத் தாளையும் வைத்தார். என்னுடையது ஐம்பத்தெட்டு. "உங்க அம்மாவைப் பாரு. ஏழாவதோட நின்னவ. இந்த வயசுல சென்டம் எடுக்குறா. நீயும் இருக்கியே." அம்மா கொஞ்சமாவது வெட்கப்படுவாள் என்று பார்த்தேன். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

அம்மா சிகை அலங்காரப் பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கத்தரிக்கோல் அவள் கையில் சொன்னபடி கேட்கும். ஆனால் அங்கே 'தொழில்முறைக் கணிதம்' என்று ஒன்று இருக்கிறது. முடிக்குச் சாயம் போடுமுன் அதன் பழைய நிறத்தை இளக்க ஒரு மருந்து பூசுவார்களாம். பாட்டிலில் இத்தனை சதவீதம் இருந்தால் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதுதான் பாடம். வீட்டுப்பாடம் முழுக்க என் தலையில்.

"வெளிய மூச்சு விட்டேன்னா..." என்று அம்மா சொன்னாள். முடிக்கவில்லை. முடித்திருந்தால் இவ்வளவு பயமாக இருக்காது.

போர்வைக்குள் டார்ச் மங்குகிறது. போதும்.

மார்ச் 9, ஞாயிறு

பயிற்சியில் தேறினால் மெயின் ரோட்டு சலூனில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி. தேறாவிட்டால் பழையபடி ஆபீஸ் கட்டடத்தில் கழிப்பறை கழுவப் போக வேண்டும். அந்த வேலையில் அவள் கை வெடித்திருந்ததும், சாப்பிடும்போது எரிந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் போட்டுக்கொடுக்கிறேன். அவளுடைய மிரட்டலுக்காகவும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

சித்தியின் தலை கேரட் நிறமாகிவிட்டது.

பரீட்சைக்கு ஆளுக்கொரு மாடலைக் கூட்டிப் போக வேண்டும். அம்மா தன் தங்கையைப் பிடித்து வைத்திருந்தாள். இன்று ஒத்திகை. குளியலறைக் கண்ணாடி முன்னால் சித்தி ராணி மாதிரி உட்கார்ந்தாள். அம்மா மருந்து பாதி, தண்ணீர் பாதி கலந்தாள். எந்த யோசனையும் இல்லை.

அம்மா துண்டை எடுத்தாள். சித்திதான் முதலில் பேசினாள். "அக்கா, இதை வெச்சுக்கிட்டு நான் ரோட்டைக் கடந்தா வண்டியெல்லாம் நின்னுடும்." பிறகு அழுதாள். உச்சந்தலையில் எரிகிறதாம்.

நான் குப்பைத்தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு சதவீதம். வகுப்பில் இருப்பது ஆறு. ஆறை மூன்றாக்கத்தான் பாதிக்குப் பாதி. நான் வாராவாரம் அப்படி எழுதிக் கொடுத்தேன், அம்மா அதை மந்திரம் மாதிரி உருப்போட்டுவிட்டாள். பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் அவளுக்குப் பாதிக்குப் பாதிதான்.

சித்தி இனி மாடலாக வரமாட்டாள். அம்மா என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

கடவுளே.

மார்ச் 21, வெள்ளி

நாளை பரீட்சை. நான்தான் மாடல். அப்பா சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அம்மாவுக்குக் கணக்கு அத்துப்படி, உனக்கென்ன பயம்?" என்று சிரித்தார். நான் என்ன சொல்ல? சொன்னால் அம்மாவை வகுப்பிலிருந்து அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் என் தலை. வெந்துபோன தலையின் படம் ஒன்று அம்மாவின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அவள் புரட்டியதே இல்லை.

மார்ச் 22, சனி

நாற்காலியில் உட்கார்ந்த மாடல் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. பரீட்சை வைக்க வந்த பெண் வெள்ளைக் கோட்டும் அந்துருண்டை வாசனையுமாக இருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் பூசினால் உடனே ஃபெயில் என்று அறிவித்தாள். பாட்டில்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள்.

எங்களுக்குப் பன்னிரண்டு.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கிண்ணத்தில் மருந்தை ஊற்றினாள். அதே அளவு தண்ணீர். பிரஷை எடுத்தாள். நான் கத்தவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிரஷைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கோட்டுக்காரி கேட்டாள்.

"எனக்கு இந்தக் கணக்கு தெரியாதுங்க. வீட்டுல போட்டதெல்லாம் இவ. தெரியாம எம்பொண்ணு தலையில வெக்க மாட்டேன்."

சித்தியின் தலைக்கு மட்டும் இந்த நியாயம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ஆனால் நான் அழுதேன்.

ஃபெயில். வெளியே அனுப்பவில்லை, மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நூற்றுக்கு நூறு வாங்கியவள் மேசைக்கு அந்தப் பக்கம், நிஜமாக வாங்கியவள் இந்தப் பக்கம். யாரைத் திட்டுவது என்று குழம்பி, உப்பு குறைவு என்று குழம்பைத் திட்டினார்.

மார்ச் 27, வியாழன்

நானே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நாலு. ஆகவே ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணீர். எங்கள் கணக்கு சார் மாதிரி குச்சியால் மேசையைத் தட்டினேன். "ரொம்பத் தட்டாதே, நான் மாடு இல்ல" என்றாள் அம்மா. தட்டுவது நன்றாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் டம்ளரில் கோடு போட்டு ஊற்றி ஊற்றிப் பார்க்கிறாள். இருமல் மருந்தைக்கூட விடவில்லை. நல்ல கூத்து.

ஏப்ரல் 3, வியாழன்

அம்மா வகுப்பிலிருந்து தாளைக் கொண்டுவந்தாள். பத்துக் கணக்கு. அவளாகப் போட்ட ஒன்பதும் சரி. நான் பார்த்துவிட்டு, தப்பென்று அடித்துத் திருத்திய ஒன்றுதான் தப்பு. சிவப்பு மையில் வட்டம்.

"மொத்தம்தான்டி நாலு பங்கு. ஒண்ணு மருந்து, மூணு தண்ணி. டம்ளர்ல ஊத்தினா தெரியும். நீ சொன்னபடி ஊத்தினா அஞ்சாவது கோட்டுக்குப் போயிடுது."

நான் டம்ளரைப் பார்த்தேன். ஐந்தாவது கோட்டுக்குத்தான் போயிற்று.

"அந்த ஐம்பத்தெட்டை எடுத்துட்டு வா. எங்க விட்டேன்னு பாப்போம்," என்றாள். குச்சி அவள் பக்கம் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

அதே நாற்காலி. அம்மா பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். உதடு அசைந்தது. ஒன்பது. எனக்குள் நானும் போட்டுப் பார்த்தேன். பயத்தில் வரவில்லை. அவள் ஒரு பங்கு மருந்து ஊற்றினாள். தண்ணீர் இரண்டு. நிறுத்திக் குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலையில் ஜில்லென்று இருந்தது. எரியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

முடி இப்போது தேன் நிறம். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வந்து வீட்டுப் பூட்டை நானே திறந்தேன். இனிமேல் சாவி என்னிடம்தான் இருக்கும். அம்மாவின் சலூன் எட்டு மணிக்குத்தான் மூடுகிறது.