கூடத்தின் நடுவே ஒரு தூண்

மார்ச் 3
அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோயாயிற்று. நான் வரைந்த வீடு. செங்கல் கொஞ்சம், மற்றதெல்லாம் எஃகு. கீழ்க் கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. மாடி முழுவதையும் ஒல்லியான எஃகு உத்தரங்கள் சுவருக்குச் சுவர் தாங்குகின்றன. வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் கட்டடக்கலைப் பத்திரிகையிலிருந்து படமெடுக்க வருகிறார்கள்.

மார்ச் 9
சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நின்றேன். சோபாவுக்குப் பின்னால் மெத்தைகள் சுருட்டிக் கிடந்தன.
“யாராவது வந்திருக்காங்களா அண்ணி?”
“இல்லையே... கீழ படுத்தா குளுகுளுன்னு இருக்கு, அதான்.”
கீழேதான் புழுக்கம். அண்ணன் பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

மார்ச் 10
எதை மறைக்கிறார்கள்?

மார்ச் 12
அண்ணனைப் பிடித்து உலுக்கியதில் கக்கிவிட்டான். மாடியில் ஒருவர் நடந்தால் அடுத்த அறையில் கட்டில் அதிர்கிறதாம். அண்ணிக்கு ஈரக்குலையே நடுங்குகிறதாம்.
“உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டா. ஆசையா வரைஞ்சு கொடுத்திருக்கே, மனசு ஒடஞ்சிடுவியாம்.”
மேலே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு அவனை நடக்கச் சொன்னேன். ஐயோ. நிஜம்தான். அலமாரிக் கதவுகூடக் கிணுகிணுக்கிறது.

மார்ச் 13
உத்தரங்களுக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியரிடம் ஓடினேன். “விழாது மேடம். யானையே ஏறினாலும் விழாது. ஆனா அதிரும். உத்தரம் இன்னும் ஒரு சாண் தடிமனா இருக்கணும், இல்லேன்னா நடுவுல தூண் வேணும்னு அப்பவே சொன்னேனே.”
சொன்னார்தான். பலம் போதுமா என்று கேட்டேன், போதும் என்றார், அதோடு காதைப் பொத்திக்கொண்டேன். எஃகு என்றால் மெலிசாக இருந்தே தீர வேண்டும் என்ற கிறுக்கு எனக்கு. படுத்தால் தூக்கம் வருமா என்று நினைத்தேனா?
இனி உத்தரத்தை மாற்ற மாடியையே பிரிக்க வேண்டும். தூண்தான் வழி. கூடத்தின் நட்டநடுவில்.

மார்ச் 15
முடியாது. என்னால முடியாது. அந்தக் கூடத்துக்காகத்தானே இவ்வளவும்! படம் எடுத்து முடிக்கட்டும், அப்புறம் வைக்கலாமே — சீ, என்ன புத்தி இது? அதுவரைக்கும் அண்ணி தரையில உருளணுமா?

மார்ச் 16
படம் வேண்டாம் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். அழுதேன்.

ஏப்ரல் 4
தோண்டி அடித்தளம் போட்டது இறுகிவிட்டது. இன்று தூண். வெல்டர் அதை உத்தரத்தோடு பற்றவைத்தபோது பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். அண்ணி பின்னாலேயே வந்தாள்.
“எதுக்கும்மா இதெல்லாம்? வீட்டோட அழகே போச்சே.”
“அழகு கிடக்குது அண்ணி,” என்றேன். சும்மா சொன்னேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு
காலையிலேயே அண்ணியின் போன். எடுத்ததும் பொரிந்து தள்ளினாள். விடிந்ததும் ஜன்னல் வழியாக வெயில் நேரே மாடிக் கட்டிலில் அடிக்கிறதாம்.
“ஒரு ஞாயித்துக்கிழமைன்னா மனுஷி அசந்து தூங்க வேணாமா? மாடி ரூமை வரையும்போது உன் மூளை எங்க போச்சு?”
வாங்கிக் கட்டிக்கொண்டு, திரைச்சீலைக்கு அளவெடுக்கக் கிளம்பினேன்.