ஜப்பான் பெட்டியில் தோட்டத்து ரொட்டி

மதினி,

இன்று காலை நம் தேயிலைத் தோட்டத்துக் குட்டிகள் படிக்கும் பிள்ளைக் காம்பராவின் கதவைத் திறந்ததுமே பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. வெளிச்சுவரில் ஏணி சாத்தி நின்றுகொண்டு பெயின்டர் கொரியா நாட்டுக் கொடியை வரைந்துகொண்டிருந்தான். அடுத்த வாரம் அவர்களுடைய தூதரகத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கணினி கொண்டுவருகிறார்களாம். மற்றக் கொடிகள்தான் உங்களுக்குத் தெரியுமே. கட்டடம் கொடுத்ததற்கு ஜப்பான், தண்ணீர்த் தாங்கிக்கு இந்தியா, ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் சீனா. புதுக் கொடிக்கு இடம் பிடிக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்ததும் உங்கள் குரல் அப்படியே காதில் விழுந்தது. "நம்ம தோட்டத்துக்கு நல்ல காலந்தான் போங்க! உலகத்துல உள்ள நாடெல்லாம் பொண்ணு பாக்க வருது. ஒருத்தருக்கும் வாக்குக் குடுத்துறாதீங்க, தேத்தண்ணி மட்டும் குடுத்து அனுப்புங்க!" நான் ஏணிக்குக் கீழே நின்று தனியாகச் சிரித்தேன். பெயின்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே நமக்குள் வாய்ச்சண்டைதான். நீங்கள் மலையில் கொழுந்து பறித்தீர்கள், நான் இந்தக் குட்டிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். நான் டீச்சர், நீங்கள் பெற்றோர் சங்கத் தலைவி. அதனால் வீட்டில் மிச்சம் வைத்த சண்டையைப் பள்ளிக்கூடத்தில் தொடர வசதியாக இருந்தது. மதினிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நம் இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை இல்லாவிட்டால் சோறு இறங்காது என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்!

பதுளையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்த அன்று நான் பெரிய அறிவாளி போல உங்களிடம் விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? ஆசிய நாடுகள் இப்போது படையை அனுப்பி மிரட்டுவதைவிடப் பாட்டையும் சாப்பாட்டையும் பள்ளிக்கூடத்தையும் அனுப்பி மனதைப் பிடிக்கத்தான் பார்க்கின்றன, இதற்கு மென்வலு என்று பெயர் என்றேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டீர்கள். "அப்படின்னா நாமளும் செய்யலாமே டீச்சரம்மா? நம்மகிட்டயுந்தான் துப்பாக்கி கெடையாது." என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஜப்பான்காரர்கள் கட்டடத்தைத் திறக்க வந்த நாள். விழா ஏற்பாட்டுக்கென்று கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் காலையிலேயே நம் பெண்களை வரிசையாக நிற்க வைத்து ஒத்திகை பார்த்தார். "ரெண்டு கையையும் நீட்டுங்க. கொஞ்சம் குனியுங்க. சிரிங்க, நல்லாச் சிரிங்க. போட்டோல நன்றி தெரியணும்." அவர் மேல் தப்பில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் முகம் சுண்டிப்போய்விட்டது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"இந்தப் போட்டோவ இந்தச் சுவத்துலதான் மாட்டுவாங்க. நம்ம புள்ளைங்க வந்ததும் வராததுமா இதத்தான் பாக்கும். அம்மாமாரு கை ஏந்தி நிக்கிறதப் பாத்துப் பாத்தே வளரணுமா?"

"கட்டடம் குடுக்குறாங்க மதினி. வாங்காம எப்படி?"

"வாங்குவோம். நல்ல மனசோடதான் குடுக்குறாங்க. ஆனா வாங்கிட்டுச் சும்மா நிக்கக் கூடாது."

அதற்கு மேல் உங்களோடு பேச எனக்கு நேரமில்லை. வேன் வந்துவிட்டது.

இறங்கியது ஒரு சின்னப் பெண். தூதரக அதிகாரி என்றால் கோட்டுப் போட்ட பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தோம். அவள் சாவியை உங்கள் கையில் கொடுத்தாள். கூடவே பூப்போட்ட துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டிய ஒரு பலகைப் பெட்டி. உள்ளே அவர்கள் நாட்டு இனிப்பு. பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்றாக வைத்ததும் பெட்டி காலியாகிவிட்டது. பாண்ட் வாத்தியம், வாழ்த்துப் பேச்சு என்று எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தலைவி நாற்காலியைப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன்.

நன்றியுரை முடிகிற நேரத்தில் மூச்சு வாங்க மேட்டிலிருந்து இறங்கி வந்தீர்கள். கையில் அதே பெட்டி, அதே துணி. முடிச்சு மட்டும் நம் ஊர் முடிச்சு. ஏற்பாட்டுக்காரர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"ஐயோ அம்மா, அது திருப்பிக் குடுக்குற பெட்டி இல்லைங்க! இனிப்போட சேத்து உங்களுக்குக் குடுத்ததுங்க!"

"பக்கத்து வீட்டுலருந்து ஒரு பாத்திரம் வந்தா அதக் கழுவி, வெறுசா அனுப்பாம எதையாச்சும் போட்டுத்தாங்க நாங்க அனுப்புவோம். ஜப்பானுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

உங்கள் வீட்டு அடுப்படியில் அன்று என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். காலையில் சுட்ட தேங்காய் ரொட்டி, காய்ந்த மிளகாயை அம்மியில் வைத்து அரைத்த கட்டச் சம்பல். பதுளை பேக்கரியிலிருந்து கேக் வந்து மேசையில் காத்திருக்கும்போது தூதரக அதிகாரிக்கு ரொட்டியா! "மதினி, மானத்த வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றீர்கள். குனியவில்லை.

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்றபடி ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டாள். முகம் செக்கச் செவேல் என்று ஆனது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்படியே விழுந்து விழுந்து சிரித்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னார். "எங்க அம்மாவும் அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமையாத் திருப்ப மாட்டாங்களாம். எத்தனையோ விழாவுக்குப் போயிருக்காங்களாம், பெட்டி திரும்பி வந்தது இங்கதானாம்." நீங்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "பேச்செல்லாம் அப்புறம், மொதல்ல அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுங்கய்யா!" என்று சத்தம் போட்டீர்கள். கூட்டமே சிரித்தது.

சுவரில் மாட்ட வந்த போட்டோ அந்த நேரத்தில் எடுத்ததுதான். நீங்களும் அவளும் எதிரெதிரே, நடுவில் பெட்டி. யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதை மாட்டிய அன்று நீங்கள் மலையிலிருந்து கூடையைக்கூட இறக்காமல் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அவளா விடுகிறவள்? அந்தப் பெட்டி கொழும்பிலிருந்து மறுபடி வந்தது. கறுப்பாக, காகிதம் போல ஏதோ ஒன்று. கடல்பாசியாம். பிள்ளைகள் "கரிஞ்ச அப்பளம்" என்று துப்பினார்கள், நீங்கள் மட்டும் வீம்புக்கு முழுவதையும் தின்றீர்கள். தீபாவளிக்கு முறுக்குப் போனது. பதிலுக்குக் கலர் பென்சில் வந்தது. பிறகு அவளே விடுமுறை நாட்களில் வரத் தொடங்கினாள். உங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ரொட்டி தட்டப் பழகினாள், கூடவே நம் பேச்சையும் பழகினாள். எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் உங்களை மதினி என்றாள். "இந்தப் பெட்டி வியாபாரம் எப்பதான் முடியும்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "எதுக்கு முடியணும்?" என்றீர்கள்.

அவளுக்குச் சொந்த நாட்டுக்கே மாற்றலாகிப் போனபோதும் பெட்டி நிறைந்துதான் போனது. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு நோய் கண்டது. பதுளை ஆஸ்பத்திரியிலும் பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டையும் சிரிப்புமாகவே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். நான் அழுதேன் மதினி, வெட்கமில்லாமல் அழுதேன். அவளுக்கும் செய்தி அனுப்பினேன். நான்கு வரியில் பதில் வந்தது, பெட்டி வரவில்லை.

போன மாதம் அவள் வந்தாள். தூதரக வேன் இல்லை, கொடி இல்லை, கேமரா இல்லை. ரயிலில் பதுளைக்கு வந்து, பஸ் பிடித்து, தோளில் ஒரு பையோடு நம் லயத்துக்கு நடந்து வந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். லேசாக இருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் இல்லை என்றதும் கணக்கு முடிந்தது என்று சொல்லவா இவள் இத்தனை தூரம் வந்தாள்?

அவள் என் கையைப் பிடித்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போல, ஒவ்வொரு சொல்லாக, நம் தோட்டத்துப் பேச்சிலேயே சொன்னாள்.

"நான் ஊருக்குப் போறப்ப மதினி சொன்னாங்க. அடுத்த வீட்டுக்குத்தான் நெறச்சுக் குடுக்கணுமாம். பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு வெறும் பெட்டியோடதான் வரணுமாம். நெறச்சுக்கிட்டுப் போகணுமாம்."

அடிப்பாவி மதினி! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

ஓடிப்போய் அடுப்பை மூட்டினேன். அழுகையும் சிரிப்புமாக மாவு பிசைந்தேன். தேங்காயைத் திருவ அவள் வந்து உட்கார்ந்தாள். சம்பலுக்கு மிளகாயைக் குறைக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை. சூடு ஆறுமுன் பெட்டியை நிறைத்து, நம் ஊர் முடிச்சாகவே போட்டு, பஸ் வரை கொண்டுபோய் விட்டேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அடுத்த வருஷமும் வெறும் பெட்டிதான்!" என்று கத்தினாள்.

வரட்டும் மதினி. மகள் வந்தால் அடுப்பு மூட்டப் பிறந்த வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இனிமேல் அது நான்தான்.