சந்தனப் பொட்டும் 127 டிகிரியும்

ஜெயசித்ரா,

ஆறு மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். நீ தூங்குகிறாயா, தூங்குவது போல் படுத்திருக்கிறாயா தெரியவில்லை. எழுப்பப் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் ஃபேன் இனிமேல் கத்தாது. மதர்போர்டில் ஒரு சென்சார் எந்நேரமும் 127 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. போர்டைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. பார்த்தால், அந்த முனையில் சென்சார் வயர் எதுவுமே மாட்டவில்லை. போன மாதம் செட்டிங்கில் ஃபேனை அதோடு கோத்துவிட்டவன் நான்தான். இல்லாத சூட்டுக்கு அது உயிரை விட்டுச் சுற்றியிருக்கிறது. பிராசஸர் சென்சாருக்கு மாற்றிவிட்டேன். மூன்று முறை வாசல்வரை போய், திரும்பி வந்து காது வைத்துக் கேட்டேன்.

"இன்னாடி இது, ஆயுத பூஜைன்னு சந்தனத்த அப்பி காத்து போற ஓட்டைய அடைச்சி வெச்சிருக்கற?" என்று நேற்று ஃபேன் கத்தியபோது உன் அம்மா எதிரிலேயே கேட்டேன். நீ ஈரத்துணியால் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்த பொட்டைத் துடைத்துவிட்டுப் போனாய்.

பதினொரு மணிக்கு உறுவையாறிலிருந்து மணியம்மாள் அக்கா ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, ஆன்லைனில் உன்னிடம் பதியச் சொல்லி வருவார்கள். கம்ப்யூட்டரைத் தைரியமாக ஆன் பண்ணு. பீரோ சாவி டிவி மேல் இருக்கிறது. இட்லி ஊற்றி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

பாக்யராஜ்

பி.கு. ஒரு ஸ்க்ரூவைக் காணோம். பெருக்கும்போது பார்.

இன்னொன்று. கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருக்கிறேன். நானே வைக்கப் போனேன், கை வரவில்லை. பழைய இடத்தில் நீயே வை. அத்தை எதிரில் வை. ஏன் என்று கேட்டால் இந்தச் சீட்டைப் படித்துக் காட்டு.