நான் படிக்காமல் விட்ட வார்த்தை

தம்பி,

அம்மாவின் ஸ்கேன் ஃபைலை பீரோவில் திரும்ப வைக்கும்போது துணிகளுக்கு அடியில் உனக்குப் பால் புகட்டிய பாலாடை கையில் தட்டுப்பட்டது. அதன் மூக்குப் பக்கம் நசுங்கியது அப்படியே இருக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அம்மாவுக்கு இது ஐந்தாம் மாதம். குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

உனக்கு விழுங்க வராது. சொட்டுச் சொட்டாக நான்தான் பால் ஊற்றுவேன். தறிச் சத்தம் கேட்கிறவரை சமர்த்தாக இருப்பாய். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அழுவாய். "மேஸ்திரி பாத்துக்கினு இருக்காரும்மா, நிறுத்தினா திட்டுவாரு" என்பார் அப்பா, உன்னைக் காட்டி. ஏழு மாதம் எங்களை வேலை வாங்கிவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை.

உன் ரத்தத்தை டெஸ்ட் செய்து பார்த்த பிறகுதான் அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவளுடைய இரண்டு குரோமோசோம்களில் துண்டுகள் இடம் மாறியிருந்தன. டிரான்ஸ்லொகேஷன் என்று எழுதியிருந்தார்கள்.

இந்த முறை அம்மாவின் வயிற்றில் ஊசி போட்டு, பனிக்குட நீரை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். நேற்றுச் சாயங்காலம் ரிப்போர்ட் அப்பாவின் போனுக்கு வந்தது. "என்னா போட்டிருக்குதுன்னு படிமா" என்று நீட்டினார். அவசரத்தில் கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொன்னேன்: "டிரான்ஸ்லொகேஷன்." அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்புறம் தறியும் ஓடவில்லை.

இன்று டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கு முன்னாடி பேலன்ஸ்டுன்னு ஒரு வார்த்தை இருக்குதே, அதை யாரு முழுங்கினது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே விளக்கினார். உனக்கு ஒரு துண்டு கூடுதல், இன்னொரு துண்டு குறைவு. இந்தக் குழந்தைக்கு எதுவும் கூடவில்லை, குறையவில்லை; அதுதான் பேலன்ஸ்டாம். அம்மாவுக்குப் போலவே இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அப்பா நம்பவில்லை. "அப்போ நூலு எல்லாம் இருக்குது, இடந்தான் மாறிப்போச்சு. அப்படித்தானே மேடம்?"

"அப்படித்தான். உங்க வீட்டம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

தம்பியா தங்கையா என்று ரிப்போர்ட்டில் இல்லை, சொல்லவும் கூடாதாம். எதுவாக இருந்தால் என்ன! செவிலிமேடு டவுன் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் அன்னிக்கி அழுதுக்கினே ரத்தம் குடுத்தானே, அதனாலதான்டி டாக்டருங்களுக்கு எங்க தேடணும்னே தெரிஞ்சுது" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக உன்னைப் பற்றிப் பேசினாள்.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவும் அப்பாவும் எழுந்து வெளியே போனதும் நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மேடம், எனக்கும் அது இருக்குமா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்கு உனக்குப் பொறக்கிற குழந்தைக்குத்தான் பாக்கணும். பதினெட்டு முடிஞ்சதும் வந்து டெஸ்ட் எடுத்துக்கோ."

எனக்குப் பதினைந்துதான் ஆகிறது. பயமாக இருக்கிறது, தம்பி. ஆனால் அம்மா இன்று ராத்திரி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, இந்த மூன்று வருஷத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன்.