கூமாப்பட்டிக்கு அடுத்த ஸ்டாப்

ராஜபாளையம்
12.8.1987

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

நூர்பானு எழுதிக்கொண்டது. நலம். நீ நலமா? ஹாஸ்டல் சோறு ஒத்துக்கொள்கிறதா? உன் விலாசத்தை வில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவில் உன் அம்மாவிடம் வாங்கினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் காலேஜுக்காரிக்குக் கடிதம் எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

அம்மாவுக்கு இங்கே மில்லில் வேலை கிடைத்ததால் வில்லிபுத்தூரை விட்டு வந்துவிட்டோம். அவள் ஷிப்டுக்குப் போனபிறகு வீட்டில் நானும் அத்தாவும்தான். இந்தத் தெருவில் யாரையும் எனக்குப் பழக்கமில்லை.

நீ மனசைப் பற்றிப் படிக்கிறாயாம். கண்டக்டர் வேலையில் இருந்தபோது அத்தா பஸ்ஸிலேயே விழுந்து, வலது கையும் பேச்சும் போனது உனக்குத் தெரியும். இப்போது பேச்சு வருகிறது, சம்பந்தமில்லாமல் வருகிறது. தண்ணீரைச் 'சில்லறை' என்கிறார். பெற்ற மகள் என்னையே இரண்டு வருடமாகப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. டாக்டர், மூளையில் அடைப்பு என்றார். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள், "மனசே போயிருச்சுட்டி. அவியளுக்கு நீ யாருன்னே தெரியாது" என்கிறாள். மூளை கெட்டால் மனசும் போய்விடுமா? அத்தாவுக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா?

உன்
நூர்பானு


சென்னை
25.8.1987

ஏட்டி நூரு,

காலேஜுக்காரியா? நேரில் வந்தால் அடி விழும். ஹாஸ்டல் சாம்பாரில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அம்புட்டுத் தெளிவு.

உன் கேள்வியை எங்கள் மேடத்திடமே கேட்டேன். மூளை இல்லாமல் மனசு இல்லை, ஆனால் மூளையில் ஒரு மூலை பழுதானால் மொத்த மனசும் போய்விடாது என்றார்கள். பேச்சு பெரும்பாலும் இடப்பக்க மூளையில் இருக்கிறது. அங்கே அடைத்தால் வலது கையும் சேர்ந்து விழும். ஆளைத் தெரியும், பேர் மட்டும் கைக்கு அகப்படாது. உன் அத்தாவுக்கு உன்னைத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைத்தால் போதாது, பார்த்துத்தான் சொல்லவேண்டும். எங்கள் படிப்பே அதுதான்.

இத்துடன் இருபது படம் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை காட்டி, அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. என் ரெக்கார்டு நோட்டுக்கு ஆகும். எடுத்துக்கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது.

பிரியமுள்ள
பரிபூரணம்


ராஜபாளையம்
20.9.1987

அன்புள்ள பரிபூரணம்,

மூன்று வாரப் பட்டியலும் இதனுடன் இருக்கிறது. குடைக்கு 'மழை' என்றார். பூட்டுக்கு 'வீடு'. சீப்புக்கு 'அம்மா'. மற்றதெல்லாம் தாளில் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். மடிப்பு கிழிய ஆரம்பித்துவிட்டது. அங்கே கடற்கரைக்குப் போனாயா? யாரோடு போனாய்?

நூர்பானு


சென்னை
6.10.1987

நூரு,

உன் பட்டியலை மேடம் வகுப்பிலேயே வாசித்தார்கள்! உன் அத்தா தப்பாகச் சொன்னாலும் அந்தத் தப்பு பக்கத்து வீட்டில்தான் விழுகிறது, பார்த்தாயா? மனசுக்குள் வார்த்தைகள் தெருத்தெருவாகக் குடியிருப்பதற்கு இது சாட்சி என்றார்கள். டிசம்பரில் என்னோடு வந்து அவரைப் பார்க்கப்போகிறார்களாம். அடுத்த பட்டியலைச் சீக்கிரம் அனுப்பு. நாளை டெஸ்ட். மற்றவை பிறகு.

பரி


ராஜபாளையம்
2.11.1987

அன்புள்ள பரிபூரணம்,

மேடத்தைக் கூட்டி வராதே. அந்தப் பதில்கள் அத்தா சொன்னவை இல்லை, நான் எழுதியவை.

முதல் நாள் மூன்று படம் காட்டினேன். மூன்றுக்கும் 'சில்லறை' என்றார். நாலாவதை நீட்டியதும் இடது கையால் எல்லாவற்றையும் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார். அதன்பிறகு நான் காட்டவே இல்லை. வெறும் சில்லறையை எழுதி அனுப்பினால் உனக்கு ஆகாது, கடிதம் நின்றுவிடும் என்று பயந்தேன். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அதன் பேரை விட்டுவிட்டு, அடுத்துத் தோன்றியதை எழுதினேன். நீங்கள் வகுப்பில் வாசித்தது என் மனசை.

ஒன்று மட்டும் நிஜம். போன வாரம் தெருமுனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "ராஜபாளையம், வில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்ராப், கூமாப்பட்டி!" என்றார். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. பஸ்ஸில் ரூட் கூவிய அதே பழைய சத்தம். நடுவிலிருந்து கேட்டால் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தால் கடைசிவரை ஓடுகிறது.

ரெக்கார்டில் என் தாள்களைக் கிழித்துவிடு. மன்னித்துக்கொள்.

நூர்பானு


ராஜபாளையம்
20.2.1988

அன்புள்ள பரிபூரணம்,

உன் பதில் வரவில்லை. பொங்கலுக்கு நீ வந்து போனதாக உன் அம்மா சொன்னார்கள். வில்லிபுத்தூரிலிருந்து இங்கே வர அரைமணி நேரம்கூட ஆகாது. உன் கோபம் நியாயம்தான். நீ பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றாய், நான் பார்க்காமல் எழுதினேன்.

இது ரெக்கார்டுக்கு இல்லை. தினமும் அத்தாவோடு அந்த ரூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூமாப்பட்டி முடிந்ததும் 'நூர்பானு' என்று சேர்த்துக்கொள்வேன், இன்னொரு ஸ்டாப் மாதிரி. முதலில் முறைத்தார். இல்லாத ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழிக்கிற ஆள் இல்லை அவர். தை பிறந்த பிறகு ஒருநாள் அவரே சொல்லிவிட்டார். தனியாகக் கேட்டால் வராது. ராஜபாளையத்தில் கிளம்பினால்தான் என்னிடம் வந்து சேரமுடியும். "கிளி கூடத்தான் சொல்லும்ட்டி" என்றாள் ஆவுடையம்மாள். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பத்து நாளைக்கு முன் அடுப்படியில் இருந்தேன். ஹாரன் சத்தம் இல்லை, நான் எடுத்துக்கொடுக்கவும் இல்லை. உள்ளேயிருந்து "ராஜபாளையம்" என்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் செம்பு கவிழ்ந்து கட்டில் எல்லாம் தண்ணீர். அன்றிலிருந்து என்ன வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிட ராஜபாளையத்திலிருந்து கிளம்பிவிடுகிறார். அம்மா பக்கத்தில் இருக்கும்போது இப்படிச் செய்வதில்லை.

அதனால் முதல் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு நீ இனிப் பதில் போடவேண்டாம். வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருகிறார்.

இப்போதெல்லாம் ராஜபாளையம் என்று கேட்டதும் நான் ஓடுவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் நிற்கிறேன். வில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்ராப். கூமாப்பட்டியில் செத்த நேரம் மூச்சு வாங்குகிறார். அடுத்த ஸ்டாப் வரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

நூர்பானு