தாழ்ப்பாள் போட்டதுதான் தப்பா, அக்கா?

என் செல்ல அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவைத் தொட்டால் "என்னம்மா எழுதுற, யாருக்கு எழுதுற?" என்று கேள்வி வரும். எல்லாரும் தூங்கிய பிறகுதான் பண்டமாரானில் இந்த வீடு எனக்கும் கொஞ்சம் சொந்தமாகிறது.

முதலில் நல்ல சேதி. யாழினி குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். உன் படத்தைக் காட்டி "பெரியம்மா பாரு" என்றால், மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இனி சண்டை. உன்மேல்தான் எனக்குக் கோபம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த உன் நினைவுக் கூட்டத்தில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வரிசையாகப் பேசினார்கள். நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் விரிவுரையாளர், மனநலமும் இயலாமையும் உன் துறை, எத்தனையோ கட்டுரைகள். மனம் நொந்தவரை நோய் பாதி முடக்குகிறது, மீதியை வீட்டார் முடக்குகிறார்கள். அன்பினாலேயே அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று நீ காட்டினாயாம். நானும் தலையாட்டினேன். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, அக்கா! என் மாமியார் எதைப் படிப்பார்? இந்த வீட்டுக்கு வேண்டிய ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிவைக்க உனக்கு நேரமில்லாமல் போயிற்றா?

பிரசவத்துக்குப் பிறகு நான் மனச்சோர்வோடு வார்டில் கிடந்து வீடு திரும்பியபோது, பிள்ளையை முழுதாக அத்தை ஏற்றுக்கொண்டார். பாசம்தான், குறை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் நீ வருவாய். உன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வாய். நான் பால் கலக்கத் தடுமாறினாலும், பால்மாவைக் கொட்டினாலும் கை வெளியே வராது. அத்தைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"படிச்ச பொண்ணுதான், ஒரு டம்ளர எடுத்துக் குடுக்கக்கூட ஆகலயா?"

"எடுத்துக் குடுத்தா சம்பளத்தப் புடிச்சிருவாங்க ஆன்டி. நீங்களும் இப்படி உக்காருங்க, நல்லா இருக்கும்."

அத்தை சிரித்துவிட்டு, உனக்காக நிஜமாகவே கொஞ்ச நேரம் அப்படி உட்காருவார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் அம்மாவாக இருந்தேன். நீ நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றே போய்விட்டாய். அதன் பிறகு அத்தை உட்காரவே இல்லை.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து நூருல் என்ற புதுத் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை நான் தனியாகக் குளிப்பாட்டுவதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே வந்தாள். அவள் சரி என்றால் யாழினி பகலில் என்னோடு. இல்லையென்றால் ஸ்ரீ கெம்பாங்கானில் நாத்தனார் வீட்டில். அங்கே ஏற்கனவே தொட்டில் கட்டிவிட்டார்கள்.

அத்தை என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு ஆள் வருகிறது, பிள்ளை அழுக்காக இருக்கலாமா என்று விடியும்போதே குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டும் வைத்துவிட்டார். உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் வேறு சுட்டிருந்தார். நூருல் செருப்பைக் கழற்றுவதற்குள் பெருமையாக, "பேபி சுடா மண்டி!" என்று மலாயில் சொல்லியாகிவிட்டது. குளித்தாகிவிட்டதாம்!

நூருல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு முறை குளிப்பாட்டலாமா என்று அவள் கேட்டாள். "ஐயோ, பிள்ளைக்குச் சளி புடிக்கும் லா" என்றார் அத்தை. நூருல் கறிபாப் சாப்பிட்டாள். போகும்போது, நான் செய்வதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, அதுவரை கூட ஓர் ஆள் இருக்கட்டும் என்றாள். அவள்மேல் தப்பில்லை. ஆனால் என் கணவர் சுரேஷ் அதில் கடைசிப் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் காலை பிள்ளையோடு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, கழுத்து மடிப்பு, காது, எல்லாம் நானே. அவள் தண்ணீரை அடித்து என் முகத்தில் தெளித்தாள். வெளியே அத்தை கதவைத் தட்டினார். "கதவத் தொறம்மா! என்னம்மா பண்ற உள்ள?" குரல் போகப் போக அழுகையாயிற்று. நான் தலை துவட்டி முடித்துத்தான் திறந்தேன். துறைமுகத்தில் வேலையை விட்டுவிட்டு சுரேஷ் ஓடி வந்தார்.

"எதுக்குத் தாழ்ப்பாள் போட்ட?"

"உங்கம்மா உள்ள வந்திருவாங்க. அதான்."

"வந்தா என்ன?"

பிள்ளை மணக்க மணக்கச் சிரித்துக்கொண்டு என் தோளில் கிடக்கிறாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் தாழ்ப்பாளைத்தான் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறவள் கதவைப் பூட்டினால் அது கோபம், நான் பூட்டினால் அது வியாதியா?

ஆனால் அன்று சாயங்காலம் வரை அத்தை குளியலறை வாசலை விட்டு நகரவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க முடியவில்லை. இவ்வளவு பயப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

நூருல் அடுத்த மாதம் மறுபடி வருகிறாள். அன்று கதவு திறந்தே இருக்கும். அத்தை வாசலில் நிற்கட்டும், சுரேஷும் நிற்கட்டும். சோப்பு வழுக்கினாலும், பிள்ளை வீறிட்டாலும், குளியல் முடிகிறவரை அவளை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அன்று காலை அத்தை முந்திக்கொள்ளாமல் இருக்க அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? மனம் நோகாமல் சொல்ல உனக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நீ எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருந்து, நீங்கள் சொல்லி அவர் கேட்டிருந்தால், அந்த வார்த்தைகளை எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உன் தங்கச்சி,
யாழினியின் அம்மா